தளர்ந்ததும் முறிந்ததும்

முறிந்துபோன சென்டர் போல்ட்டின் உடைமுகத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். ஒரு ஓரத்தில் தொடங்கிப் பெரும்பகுதி வழவழப்பாக, கருத்து, துருவும் எண்ணெயும் ஊறிக் கிடக்கும். அதற்குள் ஈரமணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவு வளைவாக வரிகள். எதிர் ஓரத்தில் மிச்சமிருக்கும் சிறு பகுதி சொரசொரப்பாக, பளிச்சென்ற சாம்பல் நிறத்தில் இருக்கும். வண்டி நின்ற அன்று முறிந்தது அந்தச் சிறு பகுதி மட்டும்தான். கருத்த பகுதி அதற்கு வெகுநாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. அத்தனை நாளும் அந்த வண்டி தண்ணீர் சுமந்தது, வேகத்தடைகளில் ஏறி இறங்கியது, பள்ளிக்கூட வேன்களுக்குப் பின்னால் பிரேக் போட்டு நின்றது.

மந்தைவெளியில் ராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் அப்படி ஒரு லாரி நின்றுவிட்டதைப் பார்த்த பிறகுதான் இந்தச் சிறு இரும்புத் துண்டைப் பற்றி நான் விடாமல் யோசிக்கத் தொடங்கினேன். நின்றது என்ஜின் கோளாறால் அன்று. வண்டி ஓடக்கூடிய நிலையில்தான் இருந்தது. ஆனால் பின் ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் பின்னால் நகர்ந்திருந்தது. இடப்பக்கச் சக்கரம் மட்கார்டை உரச, வண்டியின் மூக்கு ஒரு திசையிலும் முதுகு வேறொரு திசையிலும் இருந்தன. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் லாரி சாய்வாகப் போயிருக்கிறது. டிரைவர் இதைக் கவனிக்காமல் இல்லை. "ரெண்டு நாளா சைடு இழுக்குதுண்ணா" என்றுதான் மெக்கானிக்கிடம் முதல் வார்த்தையாகச் சொன்னார்.

பழைய லாரிகளின் அடியில் குனிந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த அமைப்பு தெரியும். நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மெயின் பட்டையின் இரு முனைகளும் சுருட்டப்பட்டு வண்டியின் சட்டத்தோடு பின் போட்டு மாட்டியிருக்கும். எல்லாப் பட்டைகளின் நடுவிலும் துளை இருக்கும். அந்தத் துளைகள் வழியாக ஒரே ஒரு போல்ட் செங்குத்தாக இறங்கும். அதுதான் சென்டர் போல்ட். அதன் தலை ஆக்சில் மேலுள்ள இருக்கையின் குழியில் போய் அமரும். பிறகு அடுக்கின் மேலிருந்து இரண்டு யூ போல்ட்கள் இறங்கி, பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்து அணைத்து, அடியில் நான்கு நட்டுகளால் முறுக்கப்படும்.

இந்த வகை வண்டிகளில் எடையைத் தாங்குவதோடு பட்டையின் வேலை முடிவதில்லை. சக்கரம் தரையை உந்துகிறது, சக்கரத்தின் உந்தலை ஆக்சில் வாங்குகிறது, ஆக்சில் அதைப் பட்டைக்குக் கொடுக்கிறது, பட்டையின் முன்கண் வழியாகத்தான் அது சட்டத்தைப் போய்ச் சேர்கிறது. முழு லாரியும் தள்ளப்படுவது அந்த வழியில்தான். பிரேக் போடும்போதும் அதே வழியில் எதிர்த்திசை இழுப்பு. ஆக்சிலும் பட்டையும் சந்திக்கும் அந்த உள்ளங்கை அகல இடத்தில் வண்டியின் ஓட்டமும் நிறுத்தமும் அடங்கியிருக்கின்றன.

அவ்வளவு பெரிய இழுபறியைச் சென்டர் போல்ட் தாங்குகிறது என்று நினைத்தால், அதன் பருமனைப் பார்த்ததும் பயம் வரும். அது தாங்குவதற்காக வைக்கப்பட்டதும் இல்லை. பட்டைகள் கலையாமல் சேர்த்து வைப்பதும், ஆக்சில் எங்கே உட்கார வேண்டும் என்று இடம் காட்டுவதும்தான் அதன் வேலை. இழுபறியைத் தாங்குவது யூ போல்ட்களின் இறுக்கம். இறுக்கத்தால் பட்டையும் இருக்கையும் ஒன்றையொன்று அழுத்துகின்றன, அந்த அழுத்தத்தால் எழும் உராய்வு இரண்டையும் நழுவவிடாமல் வைக்கிறது. உராய்வு போதுமான அளவில் இருக்கும்வரை சென்டர் போல்ட்டுக்குக் குறுக்கே இழுப்பு என்று ஒன்று கிட்டத்தட்ட வருவதே இல்லை. யூ போல்ட் தளர்ந்த மறுகணம், அதற்கு உரியதல்லாத வேலை அதன் கழுத்தில் விழுகிறது. ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் முன்னுக்கு ஒரு வெட்டு, ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் பின்னுக்கு ஒரு வெட்டு. மரையின் அடிப்பள்ளத்திலோ தலைக்குக் கீழுள்ள வளைவிலோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் பிறக்கிறது. பிறகு அது வளர்கிறது.

ஆகவே முறிந்தது சென்டர் போல்ட், தளர்ந்தது யூ போல்ட். முறிந்ததைத்தான் எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். தளர்ந்தது முழுசாக, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் தன் இடத்திலேயே இருக்கிறது. பட்டையே நடுத்துளையில் முறிந்து விழுவதும் உண்டு. அதற்கும் பெரும்பாலும் காரணம் இதேதான். இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த நடுப்பகுதி வளையவே வளையாது. பிடி விட்ட பிறகு துளையால் மெலிந்திருக்கும் இடம் வளைவதைத் தவிர வேறென்ன செய்யும்?

இறுக்கம் என்பது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். போல்ட்டை முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் பிடிப்பு. ஆனால் நாம் ஸ்பானரில் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பரப்பில் உராய்வாகவே போய்விடும். நூற்றுக்கு நாற்பது பங்கு மரைகளுக்குள் உராய்ந்து போகும். போல்ட்டை இழுப்பதற்கு மிஞ்சுவது பத்துப் பங்கு அளவுதான். மரையில் துரு ஏறியிருந்தால் அந்தப் பத்தும் ஐந்தாகிவிடும். ஸ்பானரில் ஆளுயரப் பைப்பை மாட்டி, இரண்டு பேர் தொங்கி, நட்டு 'கிறீச்' என்று கத்தும்வரை முறுக்கினாலும் உள்ளே பிடிப்பு இல்லாமல் இருக்கலாம். கைக்கு இறுக்கமாகத் தெரிவது துருவின் எதிர்ப்பு. இதை அறிந்த மெக்கானிக் மரையைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, நட்டு கையாலேயே கடைசிவரை இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பானரைத் தொடுவார். அறியாதவர் பைப்பை நம்புவார்.

மந்தைவெளிக்கு வந்தவர் முதல் வகை. வயதானவர், பேச்சு குறைவு. சம்மட்டியின் பின்பக்கத்தால் யூ போல்ட்டின் கால்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். வலப்பக்கம் மணிச்சத்தம் வந்தது. இடப்பக்கம் தட்டியபோது ஓசை மொத்தையாக அடங்கிப்போனது. இருக்கைக்கும் பட்டைக்கும் நடுவே விரலை விட்டு எடுத்து டிரைவரிடம் காட்டினார். நுனியில் குங்குமம் மாதிரிச் செந்தூள். இரும்பும் இரும்பும் நகர்ந்து நகர்ந்து அரைத்த தூள் அது. இறுக்கமாக இருக்கும் மூட்டில் அது உண்டாகாது.

"ஏம்பா, பட்டை கட்டி எவ்ளோ நாளாச்சு?"

"தீபாவளிக்கு முன்னாடிண்ணா."

"லோடு அடிச்ச பிறகு மறுபடி டைட் வெச்சியா?"

டிரைவர் பதில் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். புதிதாகப் பட்டை கட்டினால் பெயின்ட், துரு, பிசிறு எல்லாம் முதல் சில லோடுகளில் நசுங்கி அடங்கும். அடுக்கு நூலளவு தாழும். அந்த நூலளவுத் தாழ்வுக்கே யூ போல்ட்டின் இழுப்பில் பெரும்பங்கு காணாமல் போய்விடும். எனவே பட்டை கட்டியதும் ஒரு முறை, லோடோடு கொஞ்ச தூரம் ஓடியதும் இன்னொரு முறை முறுக்கியாக வேண்டும். எல்லா லாரிக் கம்பெனிகளின் கையேட்டிலும் இருக்கும் பாடம் இது. எல்லா மெக்கானிக்குகளும் சொல்லி அனுப்புவதும் இதைத்தான். இரண்டாவது முறை வண்டி வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதை நான் டிரைவரின் சோம்பலாகப் பார்க்க மறுக்கிறேன். தண்ணீர் லாரி டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கத்துக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு வேளச்சேரி, அடையாறு தாண்டி மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோ வந்து சேர்ந்து, குறுகிய தெருவில் பின்னோக்கி நுழைத்து, சம்பில் தண்ணீரை இறக்கித் திரும்பினால் அது ஒரு நடை. நட்டு முறுக்குவதற்காகப் பட்டறைக்குப் போகும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. ஓனருக்கோ அந்த நேரத்தில் ஒரு லோடு போய்விடும். கெடாத வண்டியை நிறுத்துவதற்கு இந்தத் தொழிலில் யாருக்கும் பணம் தருவதில்லை. கெட்ட பிறகு எல்லோரும் தருகிறார்கள்.

சுமையும் சாதாரணச் சுமை இல்லை. பன்னிரண்டாயிரம் லிட்டர் தொட்டி என்றால் பன்னிரண்டு டன். அதுவும் மூட்டையைப் போல ஒரே இடத்தில் கிடக்கும் சுமையன்று. ஒரு வீட்டில் பாதி இறக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகும் லாரியில், பிரேக் போட்ட பிறகும் தண்ணீர் முன்னே ஓடிவந்து தடுப்புத் தகட்டில் மோதும், திரும்பப் பின்னே போய் மோதும். ஒரு பிரேக்குக்கு ஒரு வெட்டு என்ற கணக்கு இங்கே இரண்டு மூன்றாகிறது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். சக்கரம் நிதானமாக ஏறி நிதானமாக இறங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் மேடுகளில் அந்த அகலத்தில் கால்வாசிகூட இருப்பதில்லை. போதாததற்கு மாதவரம்–சிப்காட் தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடமும் சந்திக்கும் திருமயிலை மெட்ரோ நிலையத்துக்காகத் தோண்டத் தொடங்கியதிலிருந்து, லஸ்ஸைச் சுற்றியுள்ள மாற்றுப்பாதைகளில் ஒட்டுப்போட்ட தாரும் இரும்புத் தகடுமாகத்தான் லாரிகள் போய்வந்திருக்கின்றன.

இவ்வளவையும் தாங்கும் வண்டிகள் பெரும்பாலும் தங்கள் முதல் ஆயுளை வேறெங்கோ கழித்தவை. நெடுஞ்சாலையில் சரக்கேற்றி ஓடி, தேய்ந்து, கைமாறி, உடலைக் கழற்றிவிட்டுத் தொட்டியை ஏற்றிக்கொண்ட பழைய லேலண்டுகளும் டாடாக்களும். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. எஃப்.சி.க்கு வரும் வண்டி பெயின்ட் அடித்து, விளக்கு மாற்றி, கழுவித் துடைத்து வருகிறது. அந்த ஒரு நாள் நட்டுகளும் இறுக்கமாகத்தான் இருக்கும். மீதி நாட்களைப் பார்க்க ஆள் இல்லை.

2019 கோடையை இந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. பத்திரிகைகள் அந்த ரயிலைப் படம் பிடித்தன. பிடிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மாதங்களில் மந்தைவெளியின் சம்புகளையும் அபிராமபுரத்தின் சம்புகளையும் அடையாற்றின் சிண்டெக்ஸ் தொட்டிகளையும் நிரப்பியவை இந்த லாரிகள். இரவும் பகலும் ஓடின. அப்போது எத்தனை பட்டைகள் முறிந்தன, எத்தனை போல்ட்கள் போயின என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு நகரத்தின் தாகம் எட்டு நட்டுகளின் இறுக்கத்தில் நின்றிருக்கிறது என்பதை நான் மிகையாகச் சொல்லவில்லை. பின் ஆக்சிலுக்கு ஒரு பக்கத்துக்கு நான்கு, இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு.

வள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். பீலியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். அது மிகுதியின் கதை. இரும்புக்கு இன்னொரு சாவும் உண்டு என்பதை மனிதர்கள் மிகவும் பிந்தித்தான் தெரிந்துகொண்டார்கள். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தீயில் மாண்டார்கள். அந்த அச்சு மீது அன்று புதிதாக எந்தச் சுமையும் ஏறிவிடவில்லை. பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து ஒன்றை நிறுவினார். ஒரே தடவையில் எஃகு சிரமமில்லாமல் தாங்கும் சுமையே, லட்சக்கணக்கான முறை மாறி மாறி வந்தால் அதை முறித்துவிடும். அளவை மீறவே தேவையில்லை. அளவுக்குள் இருப்பதே திரும்பத் திரும்ப வந்தால் போதும். வள்ளுவரின் வண்டிக்காரனுக்கு முறிவுக்கு முன் கண்ணால் பார்க்க ஒரு குவியலாவது இருந்தது. தண்ணீர் லாரி டிரைவருக்கு அதுவும் கிடையாது. நேற்றைய சுமைதான் இன்றும், நேற்றைய பாதைதான் இன்றும்.

மந்தைவெளியில் அன்று முதலில் தண்ணீரை இறக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு டன்னோடு ஜாக்கி வைக்க அந்த மெக்கானிக் ஒப்பவில்லை. எதிரே இருந்த அடுக்குமாடிக்காரர்கள் தங்கள் சம்பைத் திறந்துவிட்டார்கள். அது நிறைந்த பிறகு தெருவில் குடங்கள் வரிசை கட்டின. தொட்டி காலியானதும் சட்டத்துக்கு அடியில் கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். ஓனர் போனில் இருந்தார். டிரைவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது. "போல்ட்ட மட்டும் மாத்திட்டு எடுப்பா, தி.நகர்ல ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்." மெக்கானிக் போனை வாங்கினார். "சார், போல்ட்டு மட்டும் போட்டா பத்து நாள்ல இதே தெருவுல நிக்கும். அடுத்த வாட்டி பிரிட்ஜ் மேல நிக்கும். யூ போல்ட்டு செட்டோட வாங்கிக் குடுங்க, இல்லாட்டி நான் கை வெக்க மாட்டேன்." குரல் உயரவில்லை. கொஞ்சம் பொறுத்து ஓனர் சரி என்றார்.

அந்த மறுப்பு எனக்குப் பெரிதாகப் பட்டது, இன்றும் படுகிறது. அவர் கேட்டது சரி. ஒரு முறை நன்றாக நீட்டப்பட்டு, தளர்ந்து, துருப்பிடித்த யூ போல்ட் மறுபடி அதே இழுப்பைத் தராது. மரையும் போயிருக்கும். கழற்றினால் புதிது போடுவதே முறை. ஆனால் தெருவில் நிற்கும் வண்டிக்கு, கூடி நிற்கும் ஜனத்துக்கு நடுவே, கூலியை இழக்கவும் துணிந்து முறையைச் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

போல்ட் வாங்க புதுப்பேட்டைக்கு ஆள் போனது. அங்கே எதுவும் கிடைக்கும். அதுதான் அந்த இடத்தின் வரமும் ஆபத்தும். பிரித்த வண்டியின் பழைய போல்ட் கிடைக்கும். சாதாரணக் கம்பியை லேத்தில் கடைந்து மரை வெட்டிக் கொடுத்த போல்ட் கிடைக்கும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண்ணும், செய்தவர் குறியும் பொறித்த நல்ல போல்ட்டும் கிடைக்கும். அந்த எண்களைப் படிப்பது எளிது. 10.9 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் வரை அறாது, அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை நிரந்தரமாக நீளாது. 8.8 என்றால் 800-ம், அதில் பத்தில் எட்டும். கடைந்த போல்ட்டின் தலை மொட்டையாக இருக்கும். அதன் வெட்டிய மரையில் கீறல் பிறக்கும் இடங்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. நல்ல போல்ட்டுக்கு மரையை வெட்டுவதில்லை, உருளைகளுக்கு நடுவே அழுத்தி உருட்டி எடுக்கிறார்கள். பள்ளத்தின் அடியில் எஃகு நெருக்கமாகிறது. அதனாலேயே கீறல் பிறக்கத் தயங்குகிறது.

அப்படி நல்ல போல்ட் செய்கிற நிறுவனங்களில் இந்தியாவின் முன்னணியில் உள்ள, டி.வி.எஸ். குழுமத்தில் பிறந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966-ல் பாடியில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் தலைமை அலுவலகம் மயிலாப்பூரில், டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கிறது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே சாலை. நம் பட்டறைகளில் "டி.வி.எஸ். போல்ட்டா பார்த்து வாங்கு" என்றால் நம்பகத்துக்கு வேறு சொல் தேவையில்லை. எஃகைப் பற்றிய அறிவு இந்த ஊரில் எந்தக் காலத்திலும் குறைவாக இருந்ததில்லை. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் பிறந்து, 1955-ல் அசோக் லேலண்டாகி, லாரியை இங்கேயே செய்தார்கள். லாரி நம்முடையது, போல்ட் நம்முடையது, அதை மாட்டுகிற கையும் நம்முடையது. இறுக்கத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் யாருடையதாகவும் ஆகவில்லை.

அதை யாருடையதாக ஆக்கலாம் என்பதில் எனக்கு ஒரு திட்டமான எண்ணம் உண்டு. தண்ணீர் லாரிகள் எல்லாம் ஒரு இடத்தில் கட்டாயம் காத்து நிற்கின்றன: நிரப்பும் இடத்தில். குடிநீர் வாரியத்தின் நிலையமானாலும் தனியார் கிணறானாலும் அங்கே வரிசை உண்டு. யூ போல்ட்டைச் சோதிப்பதற்கும் தக்க நிலை, பட்டையின் மேல் எடை இருக்கும் நிலைதான். ஆகவே தண்ணீர் ஏறிய பிறகு, வண்டி வாசலைத் தாண்டும் முன், ஒரு ஃபிட்டர் சுத்தியலோடு கீழே குனிந்து பின்பக்கத்துக் கால்களைத் தட்டிப் பார்க்கலாம். மொத்தையாக ஒலித்தால் அளவுள்ள டார்க் ஸ்பானரை வைத்து முறுக்கலாம், செந்தூள் தெரிந்தால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பலாம். பட்டை புதிதாகக் கட்டிய வண்டி என்று டிரைவர் சொன்னால் முதல் சில லோடுகளுக்கு ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். ஃபிட்டரின் சம்பளத்தை லோடு விலையில் சேர்த்துவிடலாம். வாங்குகிற நாங்கள் அதைத் தரத் தயாராக இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை டிரைவரின் நடைக்கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது என்பதையும் எழுதியே வைக்க வேண்டும். பிடித்தால் எந்த டிரைவரும் அந்த ஃபிட்டரைத் தன் வண்டிக்கு அடியில் குனிய விடமாட்டார்.